ரெண்டு கழுத்து மயில்

எனக்கு வயசு எழுபத்தாறு. பெத்தது ஆறு, வளர்த்து ஆளாக்கினது அஞ்சு. ஒன்று தவழ்கிற வயசிலேயே காய்ச்சலில் போய்விட்டது. மிச்ச அஞ்சு பேரும் ஊருக்கு ஒருவராக நல்லபடியாக இருக்கிறார்கள். அஞ்சு பேருமே என்னை வந்து இரு, வந்து இரு என்று கூப்பிடுகிறவர்கள்தான். பிள்ளைகள் பார்க்காததால் தனியாகக் கிடக்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதை நானே என் கையால் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நாற்பது வயசுக்கு மேல், ஊரில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தபோது போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. ஒரு பக்கம் எழுத ரெண்டு நாள் ஆகிறது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. எழுத்து கோணல் மாணலாக இருக்கும். படிப்பு கம்மி என்பது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. வேறு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த நோட்டு.

வீடு வடக்கனந்தல் பக்கம். வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. குத்தகைக்கு வைத்திருந்த ரெண்டு காணியையும் திருப்பிக் கொடுத்தாச்சு. காலையில் பின்கதவைத் திறந்தால் கல்வராயன் மலை தெரியும். மேகம் மலையை விட்டு இறங்கியிருக்கிறதா, மேலே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். முன்னே பார்த்துவிட்டு அவரிடம் சொல்வேன். அவர் பல் விளக்கிக்கொண்டே "ம்" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. அந்த "ம்" இல்லாமல் மலையைப் பார்ப்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தினம் பார்க்கிறேன்.

அவர் இறந்த வருஷமே பெரியவன் என்னைச் சென்னைக்கு அழைத்துப் போய் நாலு மாசம் வைத்திருந்தான். ஏழாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல், அதுவும் மூடியிருக்கும். எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் என்னோடு சத்தம் போட்டது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். இங்கேயும் நான் தனிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே தனியாக இருக்க எனக்குத் தெரியும். எந்தச் சுவர் எந்த நேரத்தில் சுடும், தெருவில் குரைக்கிறது எந்த வீட்டு நாய் என்று தெரியும்.

திரும்பி வருகிறேன் என்று அடம்பிடித்தபோது பெரியவன் என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டான்.

"கை கால் நல்லா கீற வரைக்கும் அங்க இரும்மா. நடுக்கம் கிடுக்கம்னு ஒன்னு வந்துச்சோ, அன்னிக்கே வூட்டப் பூட்டி சாவிய என் கைல குடுத்துடணும்."

"குடுத்துடறேன் போடா. எனக்கு இன்னா நடுக்கம்?"

அவன் அப்படிக் கேட்டதில் தப்பு இல்லை. அவங்க அப்பாவுக்குக் கடைசியில் கை நடுக்கம். வடித்த கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டு, அதிலே படுத்தவர்தான். அதனால் பெரியவன் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் போடுவான். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், "கை கால் எப்டி கீதும்மா?" என்றுதான் கேட்பான். நான், "எப்டி இருக்கணுமோ அப்டி கீது" என்பேன். அவன் சிரிப்பான்.

நடுக்கம் வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. வலது கை. முதலில் கட்டைவிரல் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது, அப்புறம் கை முழுக்க. காலையில் கம்மி, பொழுது ஏற ஏற ஜாஸ்தி. நாற்று நடுகிற பெண்களுக்கு முன்னே நின்று நடவு நடத்தினவள் நான். நான் நட்ட வரிசையை, நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தக் கை இது. யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவில்லை. தம்ளரில் பாதிக்கு மேல் ஊற்ற மாட்டேன். யாராவது வந்தால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன். கோலத்தைச் சின்னதாக்கி, அப்புறம் புள்ளி மட்டும் வைத்து, அப்புறம் தண்ணீர் தெளிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு முட்டி வலி என்றேன். முட்டி வலி கௌரவமான வலி, எல்லோருக்கும் இருக்கிறது.

இப்போது ஸ்டாம்புக் கதைக்கு வருகிறேன்.

என் கடைசி மகளுடைய பெண் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு பைத்தியம், ரப்பர் ஸ்டாம்பில் படம் போடுவது. ஆபீஸில் குத்துகிற ஸ்டாம்பு இல்லை. மரக்கட்டையில் ரப்பர் ஒட்டி, அந்த ரப்பரில் பூ, இலை, பறவை என்று செதுக்கியிருக்கும். மையில் தட்டி அட்டையில் வைத்து எடுத்தால் படம் வரும். பிறந்தநாளுக்கு, புது வருஷத்துக்கு என்று அவளே அட்டை செய்து சிநேகிதிகளுக்கு அனுப்புவாள். போன பொங்கலுக்கு வந்தபோது ஒரு தகர டப்பா நிறையக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பி உட்கார்ந்துகொண்டாள்.

"ஆயா, நீ ஒன்னு போடு."

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"சும்மா போடு ஆயா. மையில வெச்சி அமுக்காத, தட்டு. கொழந்த முதுவுல தட்ற மாதிரி தட்டணும்."

"ஆறு கொழந்த முதுவுல தட்டினவகிட்ட சொல்றியா நீ?"

மயில் ஸ்டாம்பு. உள்ளங்கை அகலம் இருக்கும். காலை நேரம், கை அடங்கியிருந்தது. தட்டினேன், வைத்தேன், எடுத்தேன். தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக வந்திருந்தது. பேத்தி என் முன்னால் போட்ட மயிலுக்கு வாலில் மை அப்பிக்கொண்டிருந்தது. அவள் அம்மா சிரித்தாள். "உன் மயிலுக்கு சளி புடிச்சிக்கினு கீது. ஆயா மயிலப் பாரு!"

அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை எழுத வராது.

பங்குனியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தம் வைகாசியில், திருக்கோவிலூரில். ஒருநாள் போனில் கூப்பிட்டாள். "ஆயா, பத்திரிக உள்ள எழுத்தெல்லாம் பிரஸ்ல அடிச்சிடறேன். சொந்தக்காரங்களுக்குக் குடுக்கற நூத்தி இருவதுக்கு மட்டும் மேல அட்டயில நீ மயில் போட்டுத் தறியா? உன் கையால வேணும்."

"அதுக்கின்னா, கொண்டாந்து போடு" என்று சொல்லிவிட்டேன். சொல்லி வைத்த பிறகுதான் கையைப் பார்த்தேன்.

அன்று ஏழு மணிக்குப் பெரியவன் போன். அவனுக்குச் சேதி போய்விட்டது.

"நூத்தி இருவது அட்டயாம்மா? உன்னால ஆவுமா? கை ஆடாது?"

"உங்கப்பனுக்கு ஆடுச்சி. எனக்கு ஏன்டா ஆடணும்?"

அவன் சிரிக்கவில்லை. அப்புறம், "சரி, போடு. வந்து பாக்கறேன்" என்றான்.

அந்த 'பாக்கறேன்' எனக்கு நல்லாப் புரிந்தது. மயில் ஒழுங்காக வந்தால் நான் இந்த வீட்டில் இருக்கலாம். கலங்கி வந்தால் சாவி அவன் கைக்குப் போகும்.

பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நூற்றைம்பது அட்டையும், மயிலையும், நீல மை ஊறிய ரெண்டு பேடும் வைத்துவிட்டுப் போனாள். "முப்பது ஜாஸ்தியா கீது ஆயா. தப்பா பூட்டா கவலப்படாத" என்றாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்பது போட்டதில் ஏழு பாழ். ஸ்டாம்பை அட்டையில் வைக்கிற வரைக்கும் சரியாகத்தான் இருக்கும். வைத்த பிறகு கை ஒரு ஆட்டம் ஆடும். எடுத்துப் பார்த்தால் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. ஒரு மயிலுக்கு அப்படியே ரெண்டு கழுத்து. ஒரு கழுத்து அழுத்தமாக, அதன் பின்னால் நிழல் மாதிரி இன்னொன்று. அது என்னையே பார்த்தது.

தரைதான் கெட்டி, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் அட்டைக்கு அடியில் பழைய புடவையை எட்டாக மடித்துப் போட்டேன். அது ரொம்ப மெத்தென்று போய், ஸ்டாம்பு உள்ளே அமுங்கி, ரப்பரைச் சுற்றியிருந்த விளிம்பெல்லாம் அட்டையில் பட்டுவிட்டது. மயில் கூண்டுக்குள் இருக்கிற மாதிரி சுற்றிலும் நீலக் கறை. புடவையை எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளை நாலாக மடித்து வைத்தபோது கறை நின்றது, ஆட்டம் நிற்கவில்லை. அன்றைக்கு ஆறு பாழ், மூன்று நல்லது.

மூன்றாம் நாள் நான் செய்ததைப் பேத்தி கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். மை காய்ந்து ரப்பர் வறண்டு கிடந்தது. எங்கள் வீட்டில் எது வறண்டாலும் எண்ணெய்தான். கிணற்று உருளைக்கு, கதவுக் குடுமிக்கு, அரிவாள்மணைக்கு, தலைக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. ரப்பருக்கும் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தடவிவிட்டேன். அவ்வளவுதான், மை ஒட்ட மாட்டேன் என்றது. சேம்பு இலையில் தண்ணீர் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றது. அட்டையில் வைத்தால் மயிலுக்கு அம்மை போட்ட மாதிரி வந்தது. எட்டு அட்டை போன பிறகுதான் நிறுத்தினேன். சீயக்காய்த்தூள் போட்டு ரெண்டு தடவை கழுவி, நிழலில் காயவைத்து, எண்ணெய் போன பிறகுதான் மறுபடி மை பிடித்தது. அதிலிருந்து, நாலு அட்டைக்கு ஒரு தடவை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது மட்டும்தான். வேறு எதுவும் ரப்பருக்கு ஆகாது.

அப்புறம் இடது கையால் முயன்று பார்த்தேன். இடது கைக்கு நடுக்கம் இல்லை, ஆனால் புத்தியும் இல்லை. கோணலாக வைத்துவிடும். அதில் அஞ்சு போனது.

எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு பாழ். இன்னும் நாலு அட்டைக்கு மேல் கெட்டால் நூற்றி இருபது தேறாது. பேத்தியிடம் இன்னும் அட்டை கேட்கலாம். ஏன் என்று கேட்பாளே? பாழானதை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். வழவழப்பு அட்டை, எரியும்போது நீலமும் பச்சையுமாக எரிந்தது. ரெண்டு கழுத்து மயிலை மட்டும் போட மனசு வரவில்லை. அதைப் பெட்டியில், அவருடைய வேட்டிக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கு ஏழு மணிக்குப் பெரியவன், "எத்தினி ஆச்சும்மா?" என்று கேட்டான். "ஆய்க்கினே கீது" என்றேன்.

அந்த வாரத்தில்தான் பாஸ்புக் தீர்ந்துபோய், புதுசு வாங்கக் கள்ளக்குறிச்சி பேங்குக்குப் போனேன். கவுண்டரில் சின்னப் பெண். தாளை நீட்டி, கையெழுத்துப் போடுங்க பாட்டி என்றாள். போட்டேன். பார்த்தாள். கம்ப்யூட்டரையும் பார்த்தாள்.

"ஒத்து வரலியே பாட்டி. இன்னொரு தடவ போடறீங்களா?"

போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். என் பேரு எனக்கே என் பேரு மாதிரி தெரியவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள்.

"பரவால்ல பாட்டி, கைநாட்டு வெச்சிடலாம்."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்ட மாதிரி இருந்தது. என் பேரை எழுதக் கற்ற நாளிலிருந்து என் கட்டைவிரலை மை தொட்டதில்லை. ரேஷன் கடையிலும் சரி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் சரி, கையெழுத்துதான் போடுவேன் என்று பேனா கேட்டு வாங்கிப் போட்டவள். இப்போது விரலை நீட்டினேன். அந்தக் கைநாட்டும் ஒழுங்காக விழவில்லை, இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பெண் எழுந்து என் பக்கத்தில் வந்துவிட்டாள். "கைய மேஜ மேல வெச்சிக்கோங்க. வெரல மேல காட்டுங்க. நீங்க ஒன்னும் பண்ண வேணாம் பாட்டி, சும்மா இருங்க. பேப்பர நான் கொண்டாறேன்."

என் கை மேஜை மேல் மல்லாந்து கிடந்தது. அவள் தாளைத் திருப்பிக் கொண்டுவந்து என் விரல் மேல் வைத்து, மேலிருந்து தன் விரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தாள். வரி வரியாக விழுந்திருந்தது. மலை மேலே நின்று கீழே நட்ட வயலைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலை முந்தானையில் தேய்த்துக்கொண்டே வந்தேன். மை போகவில்லை. அழுகை வந்திருந்தால் தேவலாம், அதுவும் வரவில்லை. கரும்பு லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது, எங்கள் பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. அப்போதுதான் தோன்றியது. ஸ்டாம்பை நான் ஏன் தூக்க வேண்டும்? அது பாட்டுக்கு மல்லாந்து கிடக்கட்டும். அட்டையை நான் கொண்டுபோகிறேன்.

மறுநாள் விடிந்ததும் மணையைப் போட்டு, அதன்மேல் மயிலை மேலே பார்க்க வைத்தேன். மைப் பேடைக் கவிழ்த்து, ரப்பரின் மேல் மெல்ல மெல்லத் தட்டினேன். தட்டுவதற்கு நடுக்கம் ஒன்றும் கெடுதல் இல்லை, இன்னும் கேட்டால் உதவிதான். பக்கத்தில் ஒரு செங்கல்லை நிறுத்தி, அட்டையின் ஓரத்தை அதில் அண்டக்கொடுத்து, கதவைச் சாத்துகிற மாதிரி இடது கையால் மயிலின் மேல் சாய்த்தேன். அழுத்த என் கை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அரைப்படியில் அரிசி நிரப்பி வைத்திருந்தேன், அதைத் தூக்கி அட்டையின் மேல் உட்காரவைத்து, பத்து எண்ணினேன். படிக்கு நடுக்கம் இல்லை. படியை எடுத்து, ஒரு முனையைப் பிடித்து, ஆறாத புண்ணிலிருந்து துணி எடுக்கிற மாதிரி அட்டையை உரித்தேன்.

கொண்டை தெரிந்தது. கழுத்து ஒன்றே ஒன்றுதான். தோகையில் ஒவ்வொரு கண்ணும் கண்ணாக இருந்தது.

"பாருங்க" என்றேன் சத்தமாக. வீட்டில் யாரும் இல்லை.

ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது. வழவழப்பு அட்டையில் மை காய நேரம் எடுக்கும் என்பதால் போட்டதையெல்லாம் கூடத்தில் வரிசையாகத் தரையில் வைத்தேன். பறக்கும் என்று ஃபேனை நிறுத்திவிட்டேன். சித்திரை வெயிலில் வேர்வை சொட்டச் சொட்ட, அட்டையில் விழாமல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்படிக்குப் போக மயில்களுக்கு நடுவே கால் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் அஞ்சு பிள்ளைகள் படுத்திருக்கும்போது இப்படித்தான் காலெடுத்து வைப்பேன். எந்த மயில் யார் வீட்டுக்குப் போகும் என்று யோசிப்பேன். மணலூர்பேட்டை சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, சென்னைக்குப் பத்து, பெங்களூருக்கு இருபது. நான் போட்ட மயில் போகிற முக்கால்வாசி வீடுகளுக்கு நான் போனதில்லை.

ஒருநாள் போன் மணி அடித்துத் திடுக்கிட்டதில் ஒன்று கெட்டது. கடைசி நாள் அசதியில் இன்னொன்று. நூற்றி இருபத்திரண்டு தேறியது.

சித்திரைக் கடைசியில் பெரியவனும் பேத்தியும் காரில் வந்தார்கள். காப்பியை முன்னாலேயே பாதிப் பாதித் தம்ளராக ஊற்றி வைத்திருந்தேன். பெரியவன் செருப்பைக் கழற்றியதும் அட்டைக் கட்டைத்தான் எடுத்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"மிஷின்ல அடிச்ச மாதிரி கீதும்மா."

"மிஷின் இன்னா, நான் இன்னா?"

பேத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். "ஆயா, நூத்தி இருவத்திரண்டுதான் கீது. நூத்தம்பது குடுத்தேனே, மிச்சம் எங்க?"

பெரியவன் நிமிர்ந்து பார்த்தான். எலி கடித்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் இன்னொன்று சொன்னாள்.

"சரி, மொதல் பத்திரிகைக்கு மஞ்சா நீயே வெச்சிடு ஆயா. நாலு மூலைக்கும்."

பிரஸ்ஸில் அடித்த உள்தாள் ஒன்றை மயில் அட்டைக்குள் செருகி, கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து வைத்தாள். விரலைத் தொட்டு மூலையில் வைப்பதற்குள் இந்தக் கை எத்தனை ஆட்டம் ஆடும், அதைப் பெரியவன் எதிரிலேயே உட்கார்ந்து பார்ப்பான்.

"நான் வெக்கக் கூடாதுடி. தாலி இல்லாதவ."

பெரியவன் தம்ளரைக் கீழே வைத்தான். "நீயாம்மா இதச் சொல்ற?"

கேட்கத்தான் செய்வான். அவர் போன மறு வருஷம் அவன் மகனுடைய கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கிற அன்று, விதவை மஞ்சள் தொடலாமா என்று ஒரு கிழவி கேட்டதற்கு, பெத்து வளர்த்த கைக்கு என்னடி தீட்டு என்று சபையில் கேட்டவள் நான். அன்றைக்கு எல்லாப் பத்திரிகைக்கும் நான்தான் மஞ்சள் வைத்தேன். இன்றைக்கு அந்தத் தீட்டுக்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டேன்.

பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையைப் பார்த்தாள், உள்ளே கை இருந்த இடத்தை. மாமனிடம் திரும்பி, "மாமா, நான்தான் அட்ட கம்மியா வெச்சிட்டுப் போய்க்கீறேன். என் பேக்ல கெடக்குது மிச்சம்" என்றாள். "அப்டியே கார்லருந்து அந்தக் கவர் கட்ட எடுத்தாரீங்களா?"

அவன் எழுந்து போனான். அவள் கிண்ணத்தை என் மடியில் வைத்து, என் கையை வெளியே எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் விரல் மேலே தெரியும்படி படுக்கவைத்தாள். விரலில் மஞ்சளைத் தடவினாள். பத்திரிகையை எடுத்து ஒவ்வொரு மூலையாக என் விரலில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அந்த பேங்குப் பெண் செய்ததை இவளுக்கு யார் சொன்னது? கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் என் கையை முந்தானைக்குள் வைத்து மூடிவிட்டாள்.

பெரியவன் வந்து நாலு மூலையையும் பார்த்தான். "அப்டி வா வழிக்கு" என்று சிரித்தான். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான். "நீ இங்கயே இரும்மா. இனிமே அந்தப் பேச்ச நான் எடுக்க மாட்டேன்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இந்த மயில் நீங்க போட்டதாமே என்று எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

அப்புறம்தான் ஒன்று நடந்தது. நடந்தது என்று சொல்லக் கூடாது, நடக்காமல் போனது. ஏழு மணிக்குப் போன் வரவில்லை. முதல் நாள் அலைச்சலில் மறந்திருப்பான் என்று நினைத்தேன். ரெண்டாம் நாள் போனுக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் போன் வந்தது. "உன்னப் பத்தி இப்ப கவலையே இல்லம்மா" என்றான் சந்தோஷமாக. இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமைதான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நல்லா இருக்கிறவளை யார் தினமும் விசாரிப்பார்கள்? நல்லா இருக்கிறேன் என்று நூற்றி இருபத்திரண்டு அட்டையில் குத்திக் கொடுத்தது நான்தானே.

வீடு நான் கேட்டபடியே எனக்கு இருக்கிறது. கூடத்தில் தரை முழுக்கக் காலியாகக் கிடக்கிறது, பார்க்காமலே கால் வைத்துப் போகலாம். ஏழு மணி ஆகும்போது கை தானாக ஆடுகிறது. கேட்கிறதுக்கு ஆள் இல்லாதபோது அது ஜாஸ்தியாக ஆடுகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. போன வாரம் கஞ்சி வடிக்கும்போது பாத்திரம் கை நழுவியது. காலில் விழவில்லை, அரை அடி தள்ளி விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான், எழுதிக்கொண்டிருந்த இந்த நோட்டை முடித்துவிட வேண்டும் என்று பட்டது.

இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு இன்னமும் விருப்பம் இல்லை. அதையும் இதிலேயே எழுதி வைக்கிறேன். ஆனால் வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். நடுங்குகிறது என்று தெரிந்த பிறகு அவன் என்ன சொல்கிறானோ, அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. தெரியாமலே அவன் ஏமாந்துபோய் நிம்மதியாக இருப்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது.

நாளைக்கு அவருக்குத் திதி. அஞ்சு பேரும் வருகிறார்கள். பேத்தியும் வீட்டுக்காரனோடு வருகிறாள். படையல் முடிந்து, சாப்பிட்டு, எல்லோரும் கூடத்தில் காலை நீட்டி உட்காரும்போது இந்த நோட்டை அவள் கையில் கொடுத்துச் சொல்லப் போகிறேன்:

"இந்தா புள்ள, இத சத்தமா படி. எனக்குக் கண்ணு தெரியலன்னு வெச்சிக்கோ. உங்க மாமன் காதுல வுழறாப்ல படி. எழுத்து கோணையா கீதுன்னு நடுவுல நிறுத்தாத. நீ அன்னிக்கு அவன்கிட்ட சொன்ன பொய்யும் இதுல கீது, அதையும் வுடாத. உள்ள ஒரு அட்ட வெச்சிக்கீறேன், ரெண்டு கழுத்து மயிலு. அதப் பத்தி எழுதின பக்கம் வந்ததும் அத எடுத்து அவன் கைல குடுத்துட்டு, மேல படி."